கோடை வெயிலில் ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் செலவில்லாத விளையாட்டுகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரிலிருந்து சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டரை வயது, மகளுக்கு ஒன்றேகால் வயது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகில் தொழில் செய்யும் கணவருக்கு வருமானம் இல்லை. அங்கன்வாடிக்கும் மே மாத விடுமுறை விட்டுவிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு; பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியவில்லை; வீட்டுக்குள்ளோ இருவரும் செல்போனுக்குச் சண்டை போடுகிறார்கள். யூடியூபில் காட்டும் விளையாட்டுகளுக்கு வண்ணப் பொடி, விளையாட்டுக் களிமண், மரப் பொம்மை என்று நூற்றுக்கணக்கில் செலவாகிறது. கையில் காசில்லாமல் பிள்ளைகளை எப்படி மகிழ்ச்சியாக வைத்திருப்பது என்பது அவருடைய கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் விளையாட்டுப் பட்டியல் ஒன்றைக் கேட்பது போலத் தோன்றும். ஆனால் சமையல், துவைப்பு, மூட்டுவலியுள்ள மாமியாரைக் கவனிப்பது எல்லாம் ஒருவர் தலையிலேயே இருக்கும்போது, காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கரை மணி வரையுள்ள நேரத்தைப் போன் இல்லாமல் எப்படிக் கடத்துவது என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்டிருக்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன். இதே கடற்கரையில் அங்கன்வாடிப் பணியாளராகவும், பின்னர் புதிய பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பவராகவும் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் இதற்கு எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. எந்த இடத்தில் என் சொல் போதாதோ அந்த இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக் கூடியதிலிருந்து தொடங்குகிறேன். இந்த வயதுப் பிள்ளைக்கு நாளுக்கொரு புது விளையாட்டு தேவையே இல்லை. ஒன்றேகால் வயதுக் குழந்தை ஒரு வேலையில் சேர்ந்தாற்போல் நிற்பது சில நிமிடங்கள்தான். ஆனால் அதே வேலைக்கு நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். பாத்திரத்தில் போடுவது, கொட்டுவது, மறுபடி போடுவது, மூடியைத் திறப்பது, மூடுவது, கனமான ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு தள்ளாடி நடப்பது, அந்த வயதின் ஆர்வமெல்லாம் இவற்றில்தான். இரண்டு வயதைத் தாண்டியதும், பெரியவர்கள் செய்வதைத் தானும் செய்ய வேண்டும் என்ற தீராத ஆசை இதனுடன் சேர்ந்துகொள்கிறது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், சிறு பிள்ளைகளுக்கான தொடக்கப் பயிற்சிகள் நீர் ஊற்றுவது, தானியத்தை அள்ளி மாற்றுவது, துணி மடிப்பது, மேசை துடைப்பது போன்றவைதாம். இன்று அவற்றைப் பெரிய பள்ளிகளில் அழகான மரத்தட்டுகளில் வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் அடுக்களையில் அவை எப்போதும் நடந்துகொண்டே இருக்கின்றன. பொம்மை வாங்க முடியாததால் பிள்ளைகளுக்கு ஏதோ குறைவைத்துவிட்டதாக நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது மனம் வருந்துகிறது. அப்படி ஒரு குறையும் இல்லை.

பணத்தைவிட உங்களிடம் குறைவாக இருப்பது கண்காணிப்பதற்கான நேரம். ஆகவே விளையாட்டுகளை நான் வயதை வைத்துப் பிரிப்பதைவிட, உங்கள் கவனம் எவ்வளவு தேவை என்பதை வைத்துப் பிரிப்பேன். சில விளையாட்டுகளுக்குப் பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். தண்ணீர், கடல், சிறிய பொருட்கள் ஆகியவை இந்த வகை. மற்றவற்றுக்குக் கண் எட்டும் தூரம் போதும். நீங்கள் அரிசி களைந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம். முதல் வகையை நீங்களோ உங்கள் கணவரோ வேறு வேலை இல்லாமல் உட்காரும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளிடம்தான் மிக அதிகம். வாளியில் நான்கு விரல் உயரம் தண்ணீர் இருந்தாலே தலைகீழாகக் கவிழ்ந்த குழந்தையால் எழுந்திருக்க முடியாது. அந்த வயதில் உடம்பை ஒப்பிடத் தலையின் கனம் அதிகம். சத்தமும் வராது. பக்கத்து அறையிலிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது தண்ணீர் விஷயத்தில் பாதுகாப்பு ஆகாது. எட்டு, ஒன்பது வயது அக்காளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதும் அப்படியே. கடலில் பாசி எடுக்கப் போகும் தாய்மாருக்கு வேறு வழியில்லாமல் போவது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த அக்காளும் குழந்தைதான்.

தண்ணீர் விளையாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வெயிலில் இதற்கு ஈடான விளையாட்டு வேறில்லை. ஆனால் நகரத்துக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீரைக் காட்டுவார்கள். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிப் போய் ஊற்றிலும் லாரியிலும் நல்ல தண்ணீர் பிடிக்கும் நமக்கு அது பொருந்தாது. குடிக்கிற தண்ணீர் வேண்டாம். புழங்குகிற உப்புத் தண்ணீரே போதும். அகலமான அன்னக்கூடையிலோ தாம்பாளத்திலோ இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, வாசல் நிழலில் வைத்து, நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். உள்ளே இரண்டு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி, ஒரு சிரட்டை, இவ்வளவு போதும். சிரட்டையின் மூன்று கண்களில் மென்மையான கண்ணைக் கம்பியால் குத்தித் துளையிட்டு, உள்ளும் புறமும் நார் இல்லாமல் தேய்த்துக் கொடுங்கள். குழந்தை அதில் தண்ணீரை மொண்டு தூக்கியதும் கீழே நூல் போல ஒழுகும். முதலில் சிரட்டைக்குள் எட்டிப் பார்க்கும். தண்ணீர் குறைவது தெரியும். பிறகு அடியைப் பார்க்கும், ஒழுகுவது தெரியும். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளச் சில நாட்கள் ஆகும். ஒரு நாள் தன் விரலைக் கொண்டுபோய் அந்தத் துளையை அடைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது நீங்கள் அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் பக்கத்தில் உட்காரச் சொல்கிறேன். விளையாடி முடித்ததும் அந்தத் தண்ணீரை அதே இடத்திலேயே முருங்கைக்கோ வாழைக்கோ பிள்ளைகள் கையாலேயே ஊற்றச் செய்து, பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்து வைப்பது விளையாட்டின் கடைசிப் பகுதி என்று இருவரும் பழகட்டும். குளியலறை வாளியும் அண்டாவும் எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரை இவ்வளவுகூடச் செலவிட முடியாத நாளில் ஒரு டம்ளர் போதும். சுவருக்கு வெள்ளையடிக்கும் பழைய பிரஷ் ஒன்றையோ, நுனியைத் தட்டி நாராக்கிய பனைமட்டைத் துண்டையோ தண்ணீரில் நனைத்துச் சிமெண்ட் தரையிலும் திண்ணைச் சுவரிலும் தீட்டச் சொல்லுங்கள். தீட்டிய இடம் கறுத்துத் தெரியும், இந்த வெயிலில் சற்று நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும், மறுபடி தீட்ட இடம் கிடைத்துவிடும். இதற்குக் கண் எட்டும் தூரம் போதும். உங்கள் மகன் இதில் வெகுநேரம் இருப்பான் என்றே நினைக்கிறேன். மகள் பெரும்பாலும் பிரஷை வாயில் வைப்பாள், அவளுக்கு ஈரத்துணி ஒன்றைக் கொடுத்துத் தரையைத் துடைக்க விடுங்கள்.

அடுத்தது வீட்டு வேலை. இதை விளையாட்டு என்று சொன்னால் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அங்கன்வாடியில் பிள்ளைகள் எதை மிகவும் விரும்பினார்கள் என்று கேட்டால் நான் தயங்காமல் முருங்கைக்கீரை உருவுவதைத்தான் சொல்வேன். ஓர் இணுக்கைப் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்தால் இலைகள் மொத்தமாகக் கையில் வந்துவிடும். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது பெரும் வெற்றி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் இந்த வேலை பின்னால் பென்சில் பிடிப்பதற்கும் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் உதவும் அதே கைப்பழக்கம். பாதிக் கீரை தரையில் கிடக்கும், காம்பும் இலையும் கலந்திருக்கும். நீங்கள் மறுபடி ஆய வேண்டியிருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். காய்ந்த துணிகளைக் குவித்து, அப்பா சட்டை எது, பாட்டி துண்டு எது என்று எடுத்துத் தரச் சொல்லலாம். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்க்கச் சொல்லலாம். ஒன்றேகால் வயதுக்காரிக்கு ஒரு பனையோலைப் பெட்டியில் மரக்கரண்டி, மூடியுள்ள எவர்சில்வர் சம்படம், தேங்காய் நாரால் ஆன பாத்திரம் தேய்க்கும் உருண்டை, சுத்தமான பெரிய சங்கு, துணிப்பந்து என்று போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம். ஒவ்வொன்றாக எடுத்து, தட்டி, நக்கி, வெளியே எறிந்து, மறுபடி உள்ளே போடுவாள். ஆறு பொருளுக்கு மேல் வேண்டாம். அலுத்ததும் இரண்டை எடுத்துவிட்டு வேறு இரண்டை வையுங்கள். அவளைப் பொறுத்தவரை அது புதிய பெட்டி.

எந்தப் பொருளைக் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் எளிய அளவு உண்டு. மூன்றரை சென்டிமீட்டருக்குக் குறைவான எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சோழி, சிறு கிளிஞ்சல், புளியங்கொட்டை, பட்டாணி, வேர்க்கடலை, பொத்தான் எல்லாம் இதில் அடங்கும். பல்லாங்குழிக்காக வீட்டில் வைத்திருக்கும் சோழிகளையும் மேலே ஏற்றி வைத்துவிடுங்கள். பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: அது தொண்டையை அடைப்பது மட்டுமன்று, மென்று விழுங்கினால் கொடிய நஞ்சு. வேலியோரம் நிற்கும் அரளியின் காயும், ஆமணக்கு விதையும் அப்படியே. கடலோர வீடுகளுக்கென்று வேறு சில ஆபத்துகளும் இருக்கின்றன. குவித்து வைத்த வலை பிள்ளைகளுக்கு மெத்தை போலத் தோன்றும். அதில் விரலும் கழுத்தும் சிக்கும், உள்ளே தூண்டில் முள் கிடக்கலாம். மீன் பெட்டியின் தெர்மாகோல் துண்டைக் கடித்தால் சிறு உருண்டைகளாக உதிர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். மாறாக, பழைய வலையிலிருந்து கழற்றிய பெரிய பிளாஸ்டிக் மிதவைகள் மிக நல்ல விளையாட்டுப் பொருள். சோப்பு போட்டுக் கழுவி, விரிசலும் கூர்முனையும் இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். உருட்டலாம், அடுக்கலாம், தடித்த கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கலாம். கோத்து முடித்ததும் அந்தக் கயிற்றை நீங்கள் எடுத்துவிட வேண்டும்.

பனை நம் மாவட்டத்தில் கேட்பாரற்று நிற்கும் மரம் என்றாலும் இந்தப் பருவத்தில் பிள்ளைகளுக்கு அதைப் போல உதவுவது எதுவுமில்லை. நுங்கு தின்றபின் மிஞ்சும் பனங்காய்க் கூடுகள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. அது ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கானது. உங்கள் மகனுக்கு அந்தக் குச்சியில் முழ நீளத் துணிப்பட்டை ஒன்றைக் கட்டி இழுக்கக் கொடுங்கள். தென்னோலையில் நான்கு பக்கமும் மடக்கிப் பின்னும் பந்து, உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கக் கூடும். தெரிந்திருந்தால் பேரப்பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து பின்னச் சொல்லுங்கள். பந்தைவிட, பின்னுவதைப் பார்ப்பது பிள்ளைகளை நெடுநேரம் பிடித்து வைக்கும். ஓலையின் ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் முதலில் ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்திக்கொள்ளுங்கள். கூழாங்கல் போட்ட ஓலைக் கிலுகிலுப்பை மட்டும் இந்த வயதில் வேண்டாம், பின்னல் விட்டால் கல் வாய்க்குள் போகும்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வீட்டில் அரிசிப்பானை இறங்கும் காலம் அது, அந்தக் கவலையை நான் சிறிதாக்கவில்லை. ஆனாலும் ஆண்டில் மற்ற நாட்களில் இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டுப் பகலில் தூங்கும் தகப்பன், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் தானும் விழித்து வீட்டில் இருப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். கை எட்டும் தூரத்து விளையாட்டுகளில் பாதியை அவரிடம் கொடுங்கள். தோளில் ஏற்றிக்கொள்வது, முதுகில் படகு ஓட்டுவது, சேலையை விரித்து இரண்டு முனையையும் நீங்கள் இருவரும் பிடித்துப் பிள்ளையைத் தாழ்வாக ஆட்டுவது எல்லாம் ஆண்கள் நன்றாகச் செய்வார்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் இடத்துக்கு மட்டும் அழைத்துச் செல்ல வேண்டாம். பெயிண்ட் வாடையும் ஃபைபர் தூசியும் டீசலும் சிறு பிள்ளைகளுக்கு ஆகாதவை. மாமியாருக்கு எழுந்து நடமாட முடியாவிட்டாலும், உட்கார்ந்த இடத்திலேயே பேத்தியின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலையும் மடக்கி ஒவ்வொருவருக்கும் சோறு கொடுத்து, பிறகு இரண்டு விரலால் நண்டு போல ஊர்ந்து அக்குள் வரை போய்க் கிச்சுகிச்சு மூட்ட அவரால் முடியும். நண்டு எப்போது வந்து சேரும் என்று குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்ப்பதும், மாறி மாறிப் பேசுவதும், உடம்பின் பாகங்களின் பெயரும் அதில் தாமாகவே வந்துவிடுகின்றன.

நண்பகல் நேரத்தை விளையாட்டால் நிரப்ப முயல வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் மதியம் தூங்காததற்குக் கூரையின் அனல்தான் காரணம். கூரையின் மேல் பனையோலையோ தென்னங்கீற்றோ பரப்பிக் கட்டினாலும், வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தாலும் உள்ளே சூடு குறையும். ஆஸ்பெஸ்டாஸில் ஏறி மிதிக்கவோ துளை போடவோ வேண்டாம். கட்டிலின் மேல் நனைத்துப் பிழிந்த சேலையைக் கூடாரம் போலக் கட்டி, அடியில் பாய் விரித்துக் கொடுத்தால் இருவரும் உள்ளே போய்விடுவார்கள், தூங்காவிட்டாலும் படுத்திருப்பார்கள். சேலைத் தூளியில் மட்டும் விழித்திருக்கும் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதற்குள் சுற்றி முறுக்கி விளையாடுவார்கள், கழுத்து இறுகிவிடும்.

வெளியே போகும் நேரம் காலை எட்டரைக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும். அதே வழிகாட்டுதலின்படி இந்த வயதினர் நாள் முழுவதிலும் சேர்த்து 180 நிமிடங்கள் ஓடியாட வேண்டும். அதில் பெரும்பகுதியை இந்த இரண்டு வேளைகளிலும் முடித்துவிடலாம். கடற்கரை உங்களுக்கு நடை தூரத்தில் இருப்பது பெரிய பேறு. ஆனால் எந்தக் கடற்கரை என்பது முக்கியம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கியபின் மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆண்கடலில் அலை எழும்பும், மணலும் முகத்தில் அறையும். அந்த மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கத்துப் பெண்கடல், உங்களுக்குப் பக்கத்திலுள்ள அரியமான் கரையைப் போல, பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அமைதியான கடலிலும் பிள்ளைக்குக் கணுக்கால் அளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், பெரியவர் கையால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் நீரோட்டம் வலுவானது. அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. மணலில் கால் வைக்கும் முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குப் பொறுக்காத சூடு அந்தப் பாதத்துக்கும் பொறுக்காது. கருவாடு காயும் இடத்தையும் நாய் பூனை புழங்கும் மேட்டு மணலையும் விட்டு, அலை வந்து கழுவிப் போகும் ஈர மணலில் உட்கார வையுங்கள். சிரட்டையில் மணல் அடைத்துக் கவிழ்ப்பது, அலை வந்து அதைக் கரைப்பது, குழிநண்டு வளைக்குள் ஓடுவதைப் பார்ப்பது என்றே அவர்களுடைய மாலை போய்விடும். கரையொதுங்கிய சொறிமீனை (ஜெல்லிமீன்), அது செத்துக் கிடந்தாலும், தொட விடாதீர்கள். பட்டுவிட்டால் கடல் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உயிருள்ள சங்குகளையும் கையில் கொடுக்க வேண்டாம். கூம்பு வடிவச் சங்குப் பூச்சி கொட்டினால் விஷம். பவளப்பாறைத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கரையில் வெப்பம் மதுரையைப் போல ஏறுவதில்லை என்றாலும் காற்றின் ஈரத்தால் வியர்வை உலராது, உடம்பு குளிராது. பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் சோர்ந்துவிடுவார்கள். விளையாட்டுக்கு இடையில் கேட்காமலேயே தண்ணீரும் மோரும் கொடுங்கள். நுங்கைத் தோல் நீக்கி மசித்துக் கொடுங்கள், முழுதாகக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, விளையாட்டில் நாட்டமின்றித் துவண்டு கிடக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓஆர்எஸ் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், வழக்கமாக ஒரு லிட்டரில், முழுப் பொட்டலத்தையும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தபடியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்து நினைவு தடுமாறினாலோ வலிப்பு வந்தாலோ வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

இனி போன். இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்தே சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைப் பின்பற்றுவதில் எந்த நட்டமும் இல்லை. அதிக நேரம் திரை பார்க்கும் பிள்ளைகளிடம் பேச்சுத் தாமதம் அதிகமாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் திரைதான் தாமதத்துக்குக் காரணமா, பேச ஆளில்லாத வீட்டில் திரை அதிகமாகிறதா என்பது இன்னும் தீர்மானமாகப் பிரித்தறியப்படவில்லை. ஒரு குறிப்பிட்ட விளையாட்டு அறிவைக் கூட்டும், மூளையை வளர்க்கும் என்று விளம்பரங்களில் சொல்வதற்கும் அந்த அளவுக்கு ஆதாரம் இல்லை; நான் மேலே சொன்ன விளையாட்டுகளுக்கும் அப்படி எந்த உறுதியும் நான் தர மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் மாமாவுடன் காணொளியில் முகம் பார்த்துப் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. போனை நிறுத்தும் முதல் சில நாட்கள் அழுகை கூடும். அப்போது போன் பெரியவர்கள் கையிலும் தெரியாமல் இருந்தால்தான் அழுகை அடங்கும். சாப்பாட்டு நேரத்திலிருந்து நிறுத்தத் தொடங்குங்கள், அந்த நேரத்தில் யாராவது ஒருவர் எப்படியும் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்திருப்பீர்கள்.

மகன் இன்னும் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசுவதில்லை, போன்தான் காரணமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இந்த இடத்தில் என் அனுபவம் போதாது, எழுத்தில் கேட்டு யாராலும் சொல்லவும் முடியாது. ஆனால் இரண்டு வயது வாக்கில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்பது போல் இரண்டு சொற்கள் சேர வேண்டும்; இரண்டரையிலும் சேரவில்லை என்றால் பார்த்துவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள் என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி, அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், காது சரியாகக் கேட்காத பிள்ளையும் இப்படித்தான் இருக்கும். போவதற்கு முன் ஒரு வாரம் அவன் சொல்லும் சொற்களையும், பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்பதையும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்து, அதை மருத்துவரிடம் கொடுங்கள்.